முகம் போதும், காலைக் காட்டுங்கள்

நடந்தே தப்பிக்கிறவர்களின் படம் என்றால் எனக்குப் பைத்தியம். சிறையிலிருந்தோ பாலைவனத்திலிருந்தோ பனிமலையிலிருந்தோ யாராவது ஒருவர் கிளம்பிக் கால் போன திசையில் நூற்றுக்கணக்கான மைல் நடக்க வேண்டும். அவ்வளவு இருந்தால் போதும், கடை அடைத்துவிட்டு வந்த அலுப்பிலும் உட்கார்ந்து முழுதாகப் பார்த்துவிடுவேன். என் வீட்டுக்காரர் சண்டைப் படக்காரர். இந்தப் படங்களில் ஒன்றுமே நடப்பதில்லை என்பது அவருடைய குறை. நடப்பதைத் தவிர ஒன்றும் நடப்பதில்லை என்பது உண்மைதான்.

நான் இவற்றைப் பார்க்கிற விதம் கொஞ்சம் கோணலானது என்று மகன் சொல்வான். கதாநாயகனின் உதடு வெடித்திருக்கும், தாடியில் பனி உறைந்திருக்கும், கண்ணில் நீர் நிற்கும். கேமரா அந்த முகத்தை விட்டு இறங்கவே இறங்காது. எனக்கோ, முகம் இருக்கட்டும், கொஞ்சம் கீழே இறக்கிக் காலைக் காட்டுங்கள் என்று கத்த வேண்டும்போல் இருக்கும். தொழில் அப்படி. தாராபுரத்தில், பழனி போகும் சாலையோரத்தில் எங்களுக்கு மருந்துக் கடை. தை பிறந்துவிட்டால் ஈரோடு, சென்னிமலை, காங்கேயம், வெள்ளகோவில் பக்கத்துப் பாதயாத்திரைக் கூட்டமெல்லாம் கடை வாசலைத் தாண்டித்தான் போகும். பச்சை வேட்டி, பச்சைச் சேலை, முதுகில் போலீஸார் ஒட்டிவிட்ட ஒளிரும் ஸ்டிக்கர். "அக்கா, காலைக் கொஞ்சம் பாருங்கள்" என்று படியில் உட்காருவார்கள். ராத்திரி ஒரு மணிக்கும் உட்காருவார்கள். மருந்தாளுநர் படிப்பில் சொல்லித்தராத பாதி விஷயத்தை அந்தப் படியில்தான் கற்றுக்கொண்டேன்.

செருப்பில்லாமல் நடப்பவருக்குத்தான் கால் அதிகம் கெடும் என்று நினைப்போம். கொப்புளத்தைப் பொறுத்தவரை அப்படி இல்லை. நடைக்கென்று புதுச் செருப்போ புது ஷூவோ வாங்கிப் போட்டு வருகிறவர்தான் முதலில் உட்காருவார். வியர்வையில் ஊறிய தோல் ஒரே இடத்தில் ஓயாமல் உரசும்போது மேல்தோலின் அடுக்குகளுக்கு நடுவில் நீர் கோத்துக்கொள்கிறது. கொப்புளம் என்பது அவ்வளவுதான். சிறியதாக இருந்தால் தொடவே கூடாது. நடக்கவிடாத அளவு பெரிதாக இருந்தால் சுத்தப்படுத்திய ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை மட்டும் வடித்து, அந்தத் தோலை அப்படியே மூடியாக விட்டுவிட வேண்டும். நம்மவர்கள் அதை உரித்து எறிந்துவிட்டு மஞ்சளை அப்பிக்கொண்டு வருவார்கள்.

வெறுங்காலில் வருகிறவர்களுக்குச் சங்கடம் வேறு. உச்சி வெயிலில் தார்ச் சாலை சுடும். அதனால் சாலையோரத்து வெள்ளைக்கோட்டின் மேலேயே காலை வைத்து வரிசையாக வருவார்கள். வெள்ளைப் பெயின்ட் அவ்வளவாகச் சூடு பிடிக்காது. அனுபவசாலிகள் பகலில் நடக்கவே மாட்டார்கள், பொழுது சாய்ந்த பிறகுதான் கிளம்புவார்கள். எனக்குப் பயம் யாரைப் பார்த்தென்றால், உள்ளங்கால் வெந்து தோல் கழன்றிருக்க, "வலியே இல்லை அக்கா, முருகன் துணை" என்று சிரித்துக்கொண்டு வருகிறவரைப் பார்த்துத்தான். அவரிடம் முதல் கேள்வியே சர்க்கரை இருக்கிறதா என்பதுதான். நீண்ட நாள் சர்க்கரை நோயில் கால் நரம்பு உணர்விழந்துவிடும். அந்தக் கால் முருகன் பார்த்துக்கொள்கிற கால் அல்ல, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய கால்.

இதையெல்லாம் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படம் போட்டால் மனம் ஒப்புமா? ஆயிரம் மைல் நடந்தவன் கடைசிக் காட்சியில் நேராக நின்று வசனம் பேசுகிறான். எந்தப் படத்திலும் யாருக்கும் தொடை உரசிப் புண்ணாவதில்லை. எங்கள் கடையில் தைப்பூச வாரத்தில் கால் வலித் தைலத்துக்கு அடுத்தபடி தேங்காய் எண்ணெயும் வாசலினும்தான் போகும், எல்லாம் தொடை இடுக்குக்குத்தான். இறக்கத்தில் இறங்கிய பிறகு கட்டைவிரல் நகம் கறுத்துப்போய்க் கழல்வதை எந்த இயக்குநரும் காட்டியதில்லை. பேதி உண்டாவதில்லை. பெண்கள் இருந்தால் மாதவிலக்கு என்ற ஒன்று உலகத்திலேயே இல்லை. நடை தொடங்குவதற்கு முன்பு அதைத் தள்ளிப்போட மாத்திரை கேட்டு என்னிடம் எத்தனை பேர் வருகிறார்கள்! டாக்டர் சீட்டில்லாமல் கொடுக்க மாட்டேன் என்றால் கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போவார்கள். பட்டினியில் உடம்பு வற்றினால் மாதவிலக்கு தானாகவே நின்றுபோகும் என்பதாவது ஒரு படத்தில், ஒரு வரியில் வந்திருக்கலாம்.

ஆகவே எனக்கென்று ஓர் அளவுகோல் வைத்திருக்கிறேன். கதை உண்மையா பொய்யா என்பது இரண்டாவது. உடம்பைப் பற்றி உண்மை பேசுகிறதா என்பதுதான் முதல் கேள்வி. இந்த அளவுகோலை வைத்தால் சில படங்கள் தலைகீழாகிவிடுகின்றன.

பீட்டர் வெயர் இயக்கிய 'தி வே பேக்' (2010) அப்படிப்பட்ட ஒன்று. சைபீரியச் சிறைமுகாமிலிருந்து தப்பிய சிலர் பைகால் ஏரி, மங்கோலியா, கோபி பாலைவனம், திபெத், இமயமலை என்று 4,000 மைல் நடந்து இந்தியாவுக்குள் வந்து சேர்கிறார்கள். மூலம் ஸ்லாவோமிர் ராவிச் என்ற போலந்துக்காரர் 1956-இல் வெளியிட்ட நூல். தன் சொந்தக் கதை என்று சொல்லித்தான் வெளியிட்டார், லட்சக்கணக்கில் விற்றது. அதில் இமயமலையில் பனிமனிதனைப் பார்த்ததாகக்கூட ஓர் இடம் வரும். 2006-இல் பிபிசி வானொலி நிகழ்ச்சி ஒன்றுக்காகத் தோண்டியபோது சோவியத் ஆவணங்கள் கிடைத்தன. ராவிச் 1942-இல் பொது மன்னிப்பில் விடுதலையாகி, மற்ற போலந்துக்காரர்களோடு ஈரான் வழியாக வெளியேறியவர் என்று அவை சொல்லின. அப்புறம் வேறொரு போலந்துக்காரர் வந்து, நடந்தவன் நான்தான் என்றார். அதையும் எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை. வெயருக்கு இந்தச் சர்ச்சை தெரியும். அதனால்தான் படத்தில் பாத்திரங்களுக்கு வேறு பெயர் வைத்துவிட்டார்.

எனக்கு அந்த நூலின் மேல் சந்தேகம் வர ஆவணமே தேவைப்படவில்லை. பாலைவனத்தில் நாள்கணக்கில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் நடந்ததாகச் சொன்னால், ஓ.ஆர்.எஸ். பொட்டலம் விற்கிற எவரும் நம்ப மாட்டார்கள். வெயிலில் நடக்கிற ஆளுக்கு மணிக்கு ஒரு லிட்டர் வியர்வை போவது சாதாரணம். உடம்பு எடையில் பத்தில் ஒரு பங்கு நீர் போய்விட்டால் ஆள் நினைவிழந்து விழுவான். கடும் வெயிலில் தண்ணீரே இல்லாமல் நடந்தால் ஓரிரு நாள், அதற்கு மேல் யாருக்கும் இல்லை. மன உறுதி எவ்வளவு இருந்தாலும் சிறுநீரகத்துக்கு அது தெரியாது.

ஆனால் படம்? படம் வேறு சங்கதி. அந்தக் கூட்டத்தில் இளைஞன் ஒருவனுக்கு மாலைக்கண். முகாம் சோற்றில் வைட்டமின் ஏ எங்கிருந்து வரும்? தப்பித்த ஆரம்ப நாட்களிலேயே, விறகு பொறுக்கப் போனவன் இருட்டில் திரும்பி வர வழி தெரியாமல், கூட்டாளிகளுக்குப் பக்கத்திலேயே விறைத்துச் செத்துக் கிடக்கிறான். ஓநாயும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. ஒரு சத்துக் குறைவு ஆளைக் கொன்றுவிடுகிறது. நான் நிமிர்ந்து உட்கார்ந்த இடம் அதுதான். மாலைக்கண்ணுக்கு எங்கள் அப்பாரு காலத்தில் ஆட்டு ஈரலைச் சுட்டுத் தருவார்களாம், அதில் வைட்டமின் ஏ கொட்டிக் கிடக்கிறது. பனிப்புயலில் மரப்பட்டையை முகமூடியாக வெட்டிக் கட்டிக்கொள்வது, சேற்றை உறிஞ்சுவது, தோல் உரிந்து தடித்துப்போன முகங்கள் என்று எல்லாவற்றிலும் கவனம் தெரிகிறது. அந்தப் படத்துக்கு ஆஸ்கரில் கிடைத்த ஒரே பரிந்துரை ஒப்பனைக்குத்தான் என்பதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. முடிவில் வெயர் செய்வது இன்னும் பிடிக்கும். நடக்கிற கால்கள், அவற்றோடு கலந்து போர் முடிந்த காலத்திலிருந்து 1989 வரையிலான செய்திப்படத் துண்டுகள். கால்கள் மட்டும் நிற்காமல் வரலாற்றின் மேல் நடந்துகொண்டே இருக்கும். கால் காட்டுங்கள் என்று கேட்டவளுக்கு வேறென்ன வேண்டும்?

இதற்கு நேர் எதிர், எல்லோரும் தலையில் வைத்துக் கொண்டாடிய 'தி ரெவனன்ட்' (2015). ஹியூ கிளாஸ் என்ற வேட்டைக்காரரைக் கரடி குதறியதும், கூட்டாளிகள் கைவிட்டுப் போனதும், 200 மைல் தூரத்தைத் தவழ்ந்தும் நொண்டியும் கடந்து அவர் ஒரு கோட்டைக்கு வந்து சேர்ந்ததும் 1823-இல் நடந்தது என்றே வரலாறு சொல்கிறது. ஆனால் கரடி தாக்கியது ஆகஸ்ட் மாதம். படம் அதைத் தூக்கிப் பனிக்காலத்தில் போட்டுவிட்டது. பனி இல்லாவிட்டால் அந்த ஒளிப்பதிவு ஏது? கொலையுண்ட மகனும் சேர்த்துவைத்ததே. நிஜ கிளாஸ் தன்னைக் கைவிட்ட இருவரையும் தேடிப் பிடித்த பிறகு கொல்லாமல் விட்டுவிட்டார். படத்துக்குப் பழி வேண்டியிருந்தது. இதெல்லாம்கூடப் பரவாயில்லை. உறைநிலை ஆற்றில் மிதந்து போகிறவர், நனைந்த தோலாடையோடு கரையேறி, சற்று நேரத்தில் தன் வேலையைப் பார்க்கிறார். காற்றைவிடத் தண்ணீர் உடம்புச் சூட்டைப் பல மடங்கு வேகமாக இழுத்துக்கொள்ளும். கிழிந்த உடம்போடு அந்த ஆற்றில் விழுந்தவர் எழுந்திருக்க வழியில்லை. டிகாப்ரியோ பச்சை ஈரலைக் கடித்தார், ஆஸ்கர் கிடைத்தது. கிடைக்கட்டும். எனக்கு அது ஒரு சாகாவரம் பெற்றவரின் கதையாகத்தான் தெரிந்தது. சாக முடியாதவர் எவ்வளவு தூரம் நடந்தால் என்ன?

நான் யாருக்காவது ஒரே ஒரு படம் சொல்ல வேண்டுமென்றால் 'ராபிட்-ப்ரூஃப் ஃபென்ஸ்' (2002) என்றுதான் சொல்வேன். பிலிப் நாய்ஸ் இயக்கியது. 1931-இல் மேற்கு ஆஸ்திரேலியாவில் ஜிகலாங் என்ற இடத்திலிருந்து மோலி, டெய்சி, கிரேசி என்ற மூன்று பழங்குடிச் சிறுமிகளை அரசு தாயிடமிருந்து பறித்து, பெர்த் நகருக்கு வடக்கே இருந்த மூர் ரிவர் குடியேற்றத்தில் அடைத்தது. கலப்புப் பிறப்புக் குழந்தைகளை அப்படிப் பிடித்துப் போவதே அன்றைய சட்டம். மோலிக்கு அப்போது 14 வயது இருக்கும், மற்ற இருவரும் அவளைவிடச் சிறியவர்கள். அங்கிருந்து தப்பி, முயல்கள் வயல்களுக்குள் புகாமலிருக்க 1907-இல் கட்டிமுடிக்கப்பட்ட வேலியைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்கள். சுமார் 1,600 கிலோமீட்டர், ஒன்பது வாரம். ஜிகலாங்கும் அந்த வேலியோரத்தில்தான் இருந்தது. அவர்களுக்கு வரைபடம், திசைகாட்டி எல்லாமே அந்த வேலிதான். நம் பக்கத்தில் கிளுவை வேலியைப் பிடித்துக்கொண்டே ஆட்டுப்பட்டிக்குப் போய்ச் சேருகிற பிள்ளைகளுக்கு இது புரியும்.

இந்தப் படத்தில் யாரும் வீரம் பேசுவதில்லை. சின்னவளுக்குக் கால் வலிக்கிறது. "கால் வலிக்கிறது" என்று சொல்கிறாள், அவ்வளவுதான். பெரியவள் தூக்கிக்கொள்கிறாள். கொஞ்ச தூரம் போய் இறக்கிவிடுகிறாள், மறுபடி தூக்குகிறாள். மூன்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியூர் போய் வந்த எந்தத் தாய்க்கும் அது நடிப்பாகத் தெரியாது. வழியில் ஒரு பண்ணைப் பெண் சாப்பாடும் கோட்டும் கொடுத்து அனுப்புகிறாள். கிரேசி நடுவில் பிடிபட்டுவிடுகிறாள். மற்ற இருவரும் போய்ச் சேர்கிறார்கள். கடைசியில், முதுமையடைந்த நிஜ மோலியும் நிஜ டெய்சியும் அதே மண்ணில் நடந்து வருவதைக் காட்டுவார்கள். அப்போது வருகிற எழுத்துகளைப் படித்துவிட்டுத்தான் எனக்கு அழுகை வந்தது. மோலி வளர்ந்து, பிள்ளை பெற்ற பிறகு மறுபடி பிடித்துப் போகப்பட்டார். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் தப்பி நடந்து வந்தார். அந்தக் குழந்தையையும் பிறகு பறித்துக்கொண்டார்கள். படத்தின் மூல நூலை எழுதிய டோரிஸ் பில்கிங்டன், அந்த இரண்டாம் நடையில் விட்டுவிட்டு வர நேர்ந்த மூத்த மகள்.

செருப்பைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். வியட்நாம் போரின்போது லாவோஸில் சிறைப்பட்டுத் தப்பிய டீட்டர் டெங்லர் என்ற அமெரிக்க விமானியைப் பற்றி வெர்னர் ஹெர்ட்சோக் முதலில் ஆவணப்படமும் பிறகு 2006-இல் 'ரெஸ்க்யூ டான்' என்ற படமும் எடுத்தார். 1966 ஜூன் கடைசியில் தப்பி, ஜூலை 20-ஆம் தேதி ஹெலிகாப்டரில் மீட்கப்பட்டார். மழைக்காட்டில் அவரும் கூட்டாளியும் வெறுங்காலில் நடந்து பாதம் கிழிந்து கிடந்தபோது, பழைய டென்னிஸ் ஷூவின் அடிப்பகுதி ஒன்று கிடைத்ததாம். ஒன்றே ஒன்று. பிரம்புக் கொடியால் காலில் கட்டி, இருவரும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டார்கள். நட்பு என்பதைப் பற்றி இதைவிடப் பெரிதாக எந்த வசனம் எழுதிவிட முடியும்?

பசியோடு நடந்தால் கால் என்ன ஆகும் என்பதை யாரோ கற்பனையாகச் சொல்லவில்லை, அளந்தே பார்த்திருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போரின் முடிவில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர், போருக்குப் போக மனசாட்சிப்படி மறுத்த 36 இளைஞர்களை வைத்து ஒரு சோதனை செய்தார். ஐரோப்பாவில் பட்டினியில் கிடப்பவர்களுக்கு எப்படிச் சாப்பாடு கொடுத்து மீட்பது என்று தெரிந்துகொள்ளத்தான். 24 வாரம் அரைவயிற்றுச் சாப்பாடு. உருளைக்கிழங்கு, ரொட்டி, மக்ரோனி, டர்னிப் கிழங்கு. வாரத்துக்கு 22 மைல் நடக்க வேண்டும் என்பதும் நிபந்தனை. உடம்பு எடையில் கால் பங்கு குறைந்தது. ஆனால் கணுக்கால் மட்டும் வீங்கியது. விரலால் அழுத்தினால் குழி விழும் அந்த நீர்வீக்கம்தான். சமையல் புத்தகங்களை வைத்துக்கொண்டு பொழுதெல்லாம் படித்துக்கொண்டிருந்தவர்களும் உண்டு. 22 மைல் என்பது ஏறக்குறைய 35 கிலோமீட்டர். எங்கள் கடையிலிருந்து பழனி மலையடிவாரமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். நம்மவர்கள் வழிநெடுக அன்னதானப் பந்தலில் தக்காளிச் சோறும் சுக்குக் காப்பியும் மோரும் குடித்துக்கொண்டு ஒரே இரவில் கடக்கிற தூரம், பட்டினி கிடந்த அந்தப் பையன்களுக்கு ஒரு வாரத்துப் பாடு. அதனால்தான் நடிகர் இளைத்துக் கன்னம் ஒட்டிப்போய், கால் மட்டும் குச்சியாக அழகாக இருந்தால் எனக்கு உறுத்துகிறது.

'ஆடுஜீவிதம்' (2024) வந்தபோது வீட்டில் எல்லோரும் சேர்ந்து பார்த்தோம். என் மாமனார் கொறங்காட்டில், அதாவது மேய்ச்சல் காட்டில், ஆட்டுப்பட்டி போட்டு வளர்ந்தவர், இப்போதும் தோட்டத்தில் செம்மறி வைத்திருக்கிறார். பென்யாமின் எழுதிய நாவலை வைத்து பிளெஸ்ஸி எடுத்தது. ஜோர்டானின் வாடி ரம் பாலைவனத்தில் படப்பிடிப்பு நடக்கும்போது 2020 ஊரடங்கு வந்து படக்குழுவே அங்கே மாட்டிக்கொண்டது. சவூதியில் ஆட்டுத் தொழுவத்தில் அடிமையாகக் கிடந்த நஜீப், கூட ஹக்கீம், வழிகாட்டியாக இப்ராஹிம் காதிரி. மூன்று பேரும் மணலில் நடக்கிறார்கள். தாகத்தில் ஹக்கீம் புத்தி பேதலித்துச் சாகிற காட்சியில் பொய் இல்லை. பிருத்விராஜ் உடம்பை வற்ற வைத்ததைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். எனக்கு அவருடைய நடைதான் முக்கியமாகப் பட்டது, மணலில் புதைந்து புதைந்து இழுக்கிற நடை. மாமனாருக்கு வேறொன்று பட்டது. பாதிப் படத்தில் எழுந்து போய்விட்டார். எங்கே போகிறீர்கள் மாமா என்றேன். "தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா பார்த்துவிட்டு வருகிறேன், அம்மணி. ஆட்டுக்குத் தண்ணீர் வைத்துவிட்டு ஆளுக்கு இல்லை என்கிறவனை என்னால் உட்கார்ந்து பார்க்க முடியாது" என்றார்.

நம் மலைக்கும் இப்படி ஒரு கதை உண்டு. ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் டாக்டராக இருந்த பி.எச். டேனியல் 1969-இல் ஆங்கிலத்தில் எழுதிய 'ரெட் டீ' நாவலைக் கோவைக்காரரான இரா. முருகவேள் 'எரியும் பனிக்காடு' என்று தமிழில் கொடுத்தார். அதைத் தழுவித்தான் பாலா 'பரதேசி' (2013) எடுத்தார். கங்காணியை நம்பிக் குடும்பம் குடும்பமாகத் தேயிலைக் காட்டுக்கு நடந்து போகிறார்கள். வழியில் விழுந்தவன் விழுந்த இடத்தில் விடப்படுகிறான். தப்பியோடிப் பிடிபட்ட கதாநாயகனுக்குத் தண்டனையாகக் குதிகால் நரம்பை வெட்டுகிறார்கள். மற்ற நாட்டுப் படங்களில் தப்பிப்பது எவ்வளவு தூரம் என்பது கேள்வி. இதில் தப்பிக்கிற காலே இல்லாமல் செய்துவிடுகிறார்கள். பொள்ளாச்சி தாண்டி வால்பாறைக்குக் காரில் போகும்போது கொண்டை ஊசி வளைவுகளை எண்ணுகிற வழக்கம் எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு உண்டு. அந்த மலையில் சாலை வருவதற்கு முன்பு மூட்டையோடும் பிள்ளையோடும் ஏறியவர்களின் கால்களை ஒரு நிமிடமாவது காட்டிய படம் என்பதால் பாலாவின் மற்றக் குறைகளை மன்னித்துவிட்டேன். குறைகள் நிறையவே உண்டு.

கடைசியாக ஆண்டிஸ் மலைக் கதை. 1972 அக்டோபர் 13-ஆம் தேதி உருகுவே ரக்பி அணியினரோடு 45 பேரைச் சுமந்த விமானம் மலையில் மோதியது. 72 நாள் கழித்து உயிரோடு மீண்டவர்கள் 16 பேர். இறந்தவர்களின் உடலைத் தின்று பிழைத்தார்கள் என்பதைத்தான் உலகம் நினைவில் வைத்திருக்கிறது. பயோனா இயக்கிய 'சொசைட்டி ஆஃப் தி ஸ்னோ' (2023) அதைக் கூச்சலில்லாமல் சொன்ன படம். எனக்கு முக்கியமானது நடைதான். நாந்தோ பாராதோ, ராபர்த்தோ கனேசா என்ற இரு இளைஞர்களும் இன்னொருவரும் டிசம்பர் 12-ஆம் தேதி மேற்கு நோக்கிக் கிளம்பினார்கள், மூன்றாமவர் வழியிலேயே திரும்பிவிட்டார். மலையேறும் சாமான் எதுவும் இல்லை. பாராதோ நான்கு ஜோடி சாக்ஸ் போட்டு அதன் மேல் பிளாஸ்டிக் பையைச் சுற்றியிருந்தார். உள்ளே நனையக் கூடாது என்பதற்காக. யாரும் சொல்லித்தராமல் அவர் செய்தது முழுக்கச் சரி. பனியில் கால் புதையாமலிருக்க இருக்கை மெத்தைகளைக் காலில் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

அவர்கள் மேற்கே கிளம்பியதற்குக் காரணம் ஒரு தவறான தகவல். சாகும் தறுவாயில் இருந்த துணை விமானி, சிலியின் குரிகோ நகரைத் தாண்டிவிட்டோம் என்று சொல்லியிருந்தார். அப்படியென்றால் எதிரே நிற்கும் மலையைத் தாண்டினால் சிலியின் பச்சைப் பள்ளத்தாக்கு. உயிரைக் கொடுத்து ஏறி உச்சியில் நின்று பார்த்தால், கண்ணுக்கு எட்டிய தூரமெல்லாம் மலை. கிழக்கே சுமார் 20 கிலோமீட்டரில் ஆளில்லாத ஹோட்டல் கட்டடம் ஒன்று இருந்தது என்பதும் அவர்களுக்குத் தெரியாது. பத்து நாள் நடந்தார்கள். கடைசியில் ஓர் ஆற்றின் அக்கரையில் செர்ஹியோ கத்தலான் என்ற மாடு மேய்ப்பவர் அவர்களைப் பார்த்தார். ஆற்றுச் சத்தத்தில் பேச்சு கேட்கவில்லை. காகிதத்தையும் பென்சிலையும் கல்லில் கட்டி வீசினார், இவர்கள் எழுதித் திருப்பி வீசினார்கள். ரொட்டியை எறிந்துவிட்டு, குதிரையில் நெடுந்தூரம் போய்ப் போலீஸுக்குச் சொன்னார்.

துணை விமானி உண்மையான தூரத்தைச் சொல்லியிருந்தால் அவர்கள் கிளம்பியிருப்பார்களா? எங்கள் கடை வாசலில் தை மாதம் முழுக்க இந்தச் சண்டைதான். படியில் உட்கார்ந்து காலை நீட்டுகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: பழனி இன்னும் எவ்வளவு தூரம்? நான் 35 என்பேன். கால் போகிற நிலைமை தெரிந்து போகட்டும், முடியாதவர்கள் பஸ் ஏறட்டும், கோவிலில் இருப்பவர் டிக்கெட்டைக் கேட்கப் போவதில்லை என்பது என் கட்சி. மாமனார் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, "இன்னும் 15 தான் சாமி, விடிவதற்குள் போய்விடலாம்" என்பார். இப்படிப் பொய் சொல்லலாமா மாமா என்று கேட்டால், 35 என்று கேட்டவன் எழுந்திருக்க மாட்டான், 15 என்று கேட்டவன் எழுந்து நடப்பான், அலங்கியம் போன பிறகு வேறு யாராவது இன்னொரு 15 சொல்லுவார்கள் என்பார். அலங்கியம் போனவர்கள் அங்கே மைல்கல்லைப் பார்த்துவிட்டு அவரை என்ன சொல்லித் திட்டுகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். சிலர் தரிசனம் முடிந்து பஸ்ஸில் திரும்புகிற வழியில் இறங்கி, கடைக்கே வந்து என்னிடம் சொல்லிவிட்டுப் போவார்கள். மாமனார் அப்போது மட்டும் தோட்டத்தில் இருப்பார்.